துணிக்கொடி அளவு இடத்தில் ஹேம் ஆண்டெனா: தேர்விலிருந்து கட்டி முடிப்பது வரை

கடையில் விலை கேட்பதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். ஹேம் ரேடியோவுக்கு, அதாவது பொழுதுபோக்காக வானொலி அலையில் மற்றவர்களோடு பேசுவதற்கு, புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். யாரோ நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஆண்டெனாவை முதலில் வாங்கிவிடுவது, அப்புறம் அதை எங்கே நிறுத்துவது என்று அலைவது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆறு மீட்டர் உயரச் செங்குத்து ஆண்டெனா ஒன்றை வாங்கினேன். அதன் அடியில் விரிக்க வேண்டிய ரேடியல் கம்பிகளுக்கு எங்கள் மாடியில் இடமே இல்லை என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் உறைத்தது. இரண்டு வருடம் அது கட்டிலுக்கு அடியில் கிடந்து, பிறகு தோட்டம் வைத்த ஒரு நண்பருக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் இருப்பது சென்னையில், மூன்று மாடிகளும் பன்னிரண்டு வீடுகளும் கொண்ட சாதாரண அடுக்ககம். மாடி 14 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நடுவில் படிக்கட்டு அறை, அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி. இந்த மாடியை வைத்தே கணக்குச் சொல்கிறேன். உங்கள் அளவுகளை அதில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: அளப்பது

நீளம், அகலம் இரண்டையும் விட மூலைக்கு மூலை எவ்வளவு என்பது முக்கியம். 14-க்கு 9 மாடியில் அது 16.6 மீட்டர். கம்பி ஆண்டெனாவுக்குக் கிடைக்கும் மிக நீளமான நேர்கோடு அதுதான். பிறகு கைப்பிடிச் சுவரின் உயரம், படிக்கட்டு அறையின் உயரம், உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து மாடிக்குக் கேபிள் ஏறும் வழி. ஏசிக்குப் போட்ட ஓட்டையில் இடம் மீதி இருந்தால் சுவரைத் துளைக்கும் வேலை மிச்சம்.

அளக்கும்போதே தெருவில் போகும் மின்கம்பியையும் பாருங்கள். கம்பி அறுந்தால் எங்கே போய் விழும், கம்பம் சாய்ந்தால் எதுவரை எட்டும் என்று மனதில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். அந்த வட்டத்துக்குள் மின்கம்பி வந்தால் அந்த மூலையை விட்டுவிட வேண்டும். வேறு எந்தச் சாமர்த்தியமும் இதில் செல்லாது. ஹேம்கள் உயிரை விட்ட விபத்துகளில் இந்த வகை முக்கியமானது.

இரண்டாவது: இரைச்சலைக் கேட்பது

இதைப் பெரும்பாலானோர் தாண்டிவிடுகிறார்கள். அனுப்பும் சக்தியை வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். காதில் விழாத நிலையத்துக்குப் பதில் சொல்ல முடியாது. இன்றைய அடுக்ககத்தில் எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், வைஃபை அடாப்டர், பிஎல்டிசி மின்விசிறி, இன்வெர்ட்டர், லிஃப்ட் மோட்டார் எல்லாமே ஷார்ட்வேவ் அலைவரிசையில் ஏதாவது ஒன்றைக் கக்கிக்கொண்டிருக்கும்.

பேட்டரியில் ஓடும் சின்ன ஷார்ட்வேவ் ரேடியோ ஒன்றை எடுத்து, 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளும் பால்கனியிலும் மாடியிலும் நடந்து பாருங்கள். எங்கே "சர்ர்" என்ற சத்தம் குறைகிறதோ அங்கேதான் ஆண்டெனா இருக்க வேண்டும். எங்கள் வீட்டு ஹாலில் ரேடியோவின் எஸ் மீட்டர் (வரும் அலையின் பலத்தைக் காட்டும் முள்) 9-ஐத் தாண்டி நிற்கும். மாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் 4 அல்லது 5. இடையில் இருப்பது பத்து மீட்டர் தூரமும் ஒரு கான்கிரீட் தளமும்தான்.

அப்புறம் உங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு, ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் ஓட விட்டு மறுபடி கேளுங்கள். சத்தம் விழுந்தால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். ஒவ்வொரு ஃபியூஸாகப் போட்டுப் பார்த்தால் பிடித்துவிடலாம். என் வீட்டில் அது அக்வாரியம் விளக்கின் அடாப்டர். நூறு ரூபாய்க்கு வேறு அடாப்டர் மாற்றியதில், எந்த ஆண்டெனாவும் கொடுத்திருக்க முடியாத முன்னேற்றம் கிடைத்தது.

மூன்றாவது: யாரிடம் பேச வேண்டும் என்று முடிவு செய்வது

எல்லா பேண்டுக்கும் (ஹேம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைப் பட்டைகளுக்கும்) ஒரே ஆண்டெனா வேண்டும் என்ற ஆசையைச் சிறிய இடத்தில் விட்டுவிடுவது நல்லது. அரை அலை டைபோல் என்பது நடுவில் கேபிள் இணையும், இரண்டு கைகள் கொண்ட கம்பி ஆண்டெனா. அதன் மொத்த நீளத்தை மீட்டரில் கண்டுபிடிக்க 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் போதும். 7.1-க்கு (40 மீட்டர் பேண்ட்) 20.1 மீட்டர். 14.2-க்கு (20 மீட்டர் பேண்ட்) 10 மீட்டர். 21.2-க்கு (15 மீட்டர் பேண்ட்) ஆறே முக்கால். 28.5-க்கு (10 மீட்டர் பேண்ட்) வெறும் 5. 145-க்கு (2 மீட்டர் பேண்ட்) ஒரு மீட்டருக்கும் குறைவு.

ஊருக்குள், பக்கத்து ரிப்பீட்டர் (நம் குரலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) வழியாகப் பேச 2 மீட்டர் பேண்ட். மதுரை, கோவை, பெங்களூரு நண்பர்களோடு பகலில் பேச 40 மீட்டர். கடல் தாண்டிப் போக 20 மீட்டரும் அதற்கு மேலும். மேலே போகப் போக ஆண்டெனா சின்னதாகிறது, ஆனால் அந்த பேண்டுகள் சூரியனின் தயவில் இருப்பவை. இப்போதைய சூரியச் சுழற்சியின் உச்சம் 2024-ஐ ஒட்டி வந்தது. அந்த நாட்களில் ஐந்து மீட்டர் கம்பியும் 10 வாட்டும் வைத்துக்கொண்டு 10 மீட்டரில் கண்டம் தாண்டியவர்கள் நிறையப் பேர்.

நம் ஊருக்கு ஒரு தனி வசதி உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் தளம் வைத்ததற்குக் காரணமே அதுதான். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் அயனி மண்டலம் பகலில் அடர்த்தியாக இருக்கும். அதனால் 7 மெகாஹெர்ட்ஸ் அலையை ஏறக்குறைய நெட்டுக்குத்தாக மேலே அனுப்பினாலும் பெரும்பாலும் திரும்பிக் கீழே வந்து, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் மழைபோல் விழும். இதற்குத் தாழ்வான ஆண்டெனாதான் தோது. மாடியிலிருந்து ஏழு மீட்டர் உயரத்தில்தானே கட்ட முடிகிறது என்று வருத்தப்படுபவர்களுக்கு இதைச் சொல்வேன்: தமிழ்நாட்டுக்குள் பேச அதுவே சரியான உயரம்.

"என் வீடு மூன்றாவது மாடி, அந்த உயரமும் சேருமே" என்று சிலர் கேட்பார்கள். முழுக்கச் சேராது. கான்கிரீட் தளத்துக்குள் கம்பி வலை இருக்கிறது. தாழ்வாகக் கட்டிய ஆண்டெனாவுக்கு அந்தத் தளமே பெரும்பாலும் தரையாக நடந்துகொள்ளும்.

மாடி கிடைத்தால்: இன்வெர்ட்டட் வீ

மாடியில் கம்பி கட்ட அனுமதி இருக்கிறது என்றால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். நடுவில் ஒரு கம்பம், அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் கம்பி. தலைகீழான ஆங்கில வீ எழுத்து. ஒரே ஒரு உயரமான கம்பம் போதும் என்பதுதான் இதன் அழகு. நேராகக் கட்டிய டைபோலின் 73 ஓம் மின்மறுப்பு, கைகள் சரியும்போது கேபிளின் 50 ஓமை நோக்கி இறங்கும். இரண்டு கைகளுக்கும் இடையில் உள்ள கோணம் 90 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

என் மாடியின் கணக்கு இது. படிக்கட்டு அறைச் சுவரோடு சேர்த்துக் கட்டிய சவுக்குக் கம்பு, உச்சி மாடித் தளத்திலிருந்து 7 மீட்டர். சாரம் கட்டுபவர்களிடம் நேரான சவுக்குக் கம்பு மலிவாகவே கிடைக்கும். அலுமினியக் குழாயை விட எனக்கு அதுதான் பிடிக்கும். வளையும், ஒடியாது. ஒவ்வொரு கையும் 10.05 மீட்டர். கம்பியின் முனை தரையிலிருந்து 2.5 மீட்டருக்குக் கீழே வரக் கூடாது என்று வைத்துக்கொண்டால், உச்சியிலிருந்து 4.5 மீட்டர்தான் இறங்கலாம். மூலைவிட்டத்தில் பாதி 8.3 மீட்டர். சரிவாக அளந்தால் கம்பிக்குக் கிடைக்கும் நீளம் சுமார் 9.45 மீட்டர். மீதி 60 சென்டிமீட்டர் இடிக்கிறது.

இங்கேதான் பலர் மனம் தளர்ந்து 20 மீட்டர் பேண்டுக்குத் தாவுவார்கள். தேவையில்லை. அரை அலைக் கம்பியில் மின்னோட்டம் நடுவில் அதிகம், முனையில் பூஜ்யம். கம்பியின் நடுப் பாதி மட்டுமே ஏறக்குறைய 70 சதவீத வேலையைச் செய்கிறது. ஆக நடுப்பகுதியை உயரத்தில், நேராக வைத்துவிட்டு, மிஞ்சிய முனையைப் பக்கவாட்டில் மடக்கினாலும் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. என் ஆண்டெனாவின் இரண்டு முனைகளிலும் அந்த 60 சென்டிமீட்டர், சுவரில் நிறுத்திய பிவிசி குழாயைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாகத் திரும்புகிறது.

முனையை ஏன் 2.5 மீட்டருக்கு மேலே வைக்கச் சொன்னேன்? மின்னோட்டம் பூஜ்யமாக இருக்கும் இடத்தில் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். 100 வாட்டில் அதைத் தொட்டால் தோல் வெந்துபோகும். முதலில் நான் கைப்பிடிச் சுவர் மட்டத்திலேயே முனையைக் கட்டியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எஸ்.டபிள்யூ.ஆர் (அனுப்பும் சக்தி ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) திடீரென்று 4-க்கு ஏறியது. கனெக்டரைக் கழற்றி மாட்டினேன், கேபிளை ஆட்டிப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. மேலே போய்ப் பார்த்தால், கீழ் வீட்டு மாமி சொட்டச் சொட்ட நனைந்த ஒரு பெட்ஷீட்டை என் கம்பியில் காயப்போட்டு கிளிப்பும் மாட்டியிருந்தார். "இது கொடி இல்லையா தம்பி?" நல்லவேளை, அவர் கிளிப் மாட்டிய நேரத்தில் நான் மைக்கில் உள்ள பிடிடி பொத்தானை, அதாவது அனுப்பும் பொத்தானை, அழுத்தவில்லை. அன்றைக்கே முனைகளை உயர்த்தினேன். மாமிக்கு வேறு கொடி ஒன்றும் கட்டிக் கொடுத்தேன்.

கம்பிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு ஒயர் போதும், பல இழை உள்ளது. மேலே பிவிசி உறை இருப்பதால் கணக்கிட்டதை விட இரண்டு மூன்று சதவீதம் குறைவான நீளத்திலேயே ஒத்திசைவு வரும், அதாவது கம்பி நம் அதிர்வெண்ணோடு பொருந்தும். ஆனாலும் முதலில் கூடுதலாகவே வெட்டுங்கள். இன்சுலேட்டருக்கு அரை அங்குல பிவிசி குழாய்த் துண்டில் இரண்டு ஓட்டை போட்டால் வேலை முடிந்தது. கயிறு மட்டும் மலிவான நைலான் வேண்டாம். சென்னை வெயிலில் எனக்கு ஒன்றரை வருடம் தாங்கியது, அப்புறம் கையில் பொடியாக உதிர்ந்தது.

ஒரு முனையில்தான் கட்ட முடியும் என்றால்

கம்பம் நட இடமில்லை, ஆனால் உங்கள் பால்கனியிலிருந்து எதிரே உள்ள மரத்துக்கோ, மாடியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கோ கம்பி இழுக்க முடியும் என்ற நிலையில், முனையில் ஊட்டும் (கேபிளை நடுவில் இணைக்காமல் ஒரு முனையில் இணைக்கும்) அரை அலை ஆண்டெனா கைகொடுக்கும். 20 மீட்டர் கம்பி ஒன்று, அடியில் ஒரு சின்னப் பெட்டி. இதே கம்பி 40, 20, 15, 10 நான்கு பேண்டிலும் ஓடும்.

பெட்டிக்குள் இருப்பது 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர். எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்தில் முதன்மைச் சுற்று 2, மொத்தச் சுற்று 14. கேபிள் பக்கம், அதிக வோல்ட் தாங்கும் 100 பிகோஃபாரட் கண்டென்சர் ஒன்றைக் குறுக்கே போட்டால் 10 மீட்டர் பேண்டும் சரியாக வரும். 10, 20 வாட் மட்டும்தான் என்றால் சிறிய எஃப்டி140-43 வளையமே போதும். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தேடி அலைந்தால் கருப்பு வளையம் கிடைக்கும், ஆனால் அது 43 ரகமா வேறா என்று விற்பவருக்கே தெரியாது. பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளைப் பெட்டியில் (எஸ்எம்பிஎஸ்) வரும் மஞ்சள் வெள்ளை வளையத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். அது இரும்புத் தூள். ஷார்ட்வேவில் சூடாகி உங்கள் வாட்டையெல்லாம் தின்றுவிடும். இந்த ஒரு பொருளை மட்டும் ரகம் எழுதி விற்கும் இடத்தில் வாங்குங்கள்.

"கவுண்டர்பாய்ஸ் (மின்னோட்டம் திரும்பி வர விடும் எதிர்க் கம்பி) தேவையில்லை" என்று விற்பவர்கள் சொல்வார்கள். மின்னோட்டம் எங்காவது திரும்பித்தான் ஆக வேண்டும். நீங்கள் வழி காட்டாவிட்டால் கோஆக்ஸ் கேபிளின் வெளி உறை வழியாக உங்கள் ரேடியோவுக்கே வரும், மைக்கைத் தொட்டால் உதட்டில் சுருக்கென்று குத்தும். பெட்டியின் எர்த் முனையில் இரண்டு மீட்டர் கம்பி ஒன்றைத் தொங்கவிட்டு, கேபிளில் சில மீட்டர் தள்ளி ஒரு சோக் (கேபிளின் வெளி உறையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) போட்டால் அடங்கிவிடும்.

பால்கனி மட்டும்தான் என்றால்

இது கஷ்டமான கேஸ். இரும்பு கிரில் போட்ட பால்கனிக்குள் வைத்த ஆண்டெனா, கூண்டுக்குள் உட்கார்ந்து கத்துவது மாதிரிதான். எப்படியாவது கிரில்லுக்கு வெளியே ஒரு மீட்டராவது நீட்டப் பாருங்கள்.

எளிமையானது, பால்கனிக் கம்பியில் கிளாம்ப் போட்டு வெளிப்பக்கமாகச் சாய்த்து வைக்கும் ஒற்றை பேண்ட் விப் (சவுக்கு மாதிரி வளையும் ஒற்றைத் தண்டு) ஆண்டெனா. வாகனங்களுக்கு வருகிறதே, அதே வகை. அதன் அடியிலிருந்து அந்த பேண்டின் கால் அலை நீளக் கம்பி ஒன்றை, 20 மீட்டர் பேண்டுக்கு 5 மீட்டர், பால்கனி ஓரமாக ஓட விட வேண்டும். இது இல்லாமல் விப் மட்டும் மாட்டிவிட்டு "ஒன்றும் கேட்கவில்லை" என்பவர்கள் அதிகம்.

இன்னொரு வழி மேக்னெடிக் லூப். சிறிய இடத்துக்கென்றே பிறந்தது மாதிரி இருக்கும், அதனால் இதைப் பற்றி மிகையான பேச்சும் அதிகம். கணக்கைப் பார்த்துவிடுவோம். ஏசி மெக்கானிக்குகள் வாங்கும் கடையில் 5/8 அங்குலச் செம்புக் குழாய் சுருளாகக் கிடைக்கும். அதில் ஒரு மீட்டர் விட்டமுள்ள வளையம் செய்து, வாயில் ஒரு வேரியபிள் கண்டென்சர் வைத்தால் 14 மெகாஹெர்ட்ஸில் சுமார் 47 பிகோஃபாரட்டில் ஒத்திசையும். வளையம் வீசும் அலைக்கான மின்தடை ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு. செம்பின் இழப்பு அதில் பாதிக்குச் சற்று மேல். எல்லாம் சரியாக இருந்தால் கொடுத்த சக்தியில் பாதிக்கு மேல் வெளியே போகும். அதே வளையத்தை 7 மெகாஹெர்ட்ஸுக்கு இழுத்தால் பத்தில் ஒரு பங்கு போனாலே பெரிது. ஆக, ஒரு மீட்டர் லூப் 20 மீட்டர் பேண்டிலிருந்து மேலே நல்ல ஆண்டெனா. 40 மீட்டருக்குக் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

செம்பின் இழப்பே ஒரு ஓமில் நூற்றில் ஆறு பங்கு என்னும்போது, இணைப்பில் ஒரு துருப்பிடித்த ஸ்க்ரூ இருந்தாலே ஆட்டம் முடிந்தது. அதனால் கண்டென்சர் இணைப்புகளை ஸ்க்ரூ போட்டு முறுக்காமல், சால்டர் அல்லது பிரேசிங் செய்ய வேண்டும். பழைய வால்வ் ரேடியோவிலிருந்து எடுத்த கேங் கண்டென்சர் என்றால் இரண்டு பகுதிகளையும் தொடராக இணையுங்கள். அப்போதுதான் சுழலும் அச்சின் உரசு முனை வழியாக மின்னோட்டம் போகாது. ஊட்டுவதற்கு உள்ளே 20 சென்டிமீட்டர் விட்டத்தில் இன்னொரு சின்ன வளையம், நேராகக் கேபிளில். 10 வாட்டிலேயே கண்டென்சரின் குறுக்கே ஆயிரத்து ஐந்நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பழைய கேங் கண்டென்சரைப் பத்து வாட்டுக்கு மேல் கொண்டுபோனால் நீலப்பொறி பறக்கும். கையை வைக்காதீர்கள், அனுப்பும்போது இரண்டு மீட்டராவது தள்ளி உட்காருங்கள். ஒருமுறை ஒத்திசைத்தால் 20 கிலோஹெர்ட்ஸ் அகலம்தான் கிடைக்கும். அதிர்வெண்ணை நகர்த்தினால் மறுபடி திருக வேண்டும். இந்தத் தொல்லைக்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது: வளையத்தைத் திருப்பி வைத்து ஒரு திசையில் வரும் இரைச்சலை அடக்க முடியும். நகரத்து அடுக்ககத்தில் அது சாமானிய லாபம் இல்லை.

2 மீட்டருக்கு

இங்கே இடம் ஒரு பிரச்சினையே இல்லை. எஸ்ஓ-239 சேஸிஸ் கனெக்டரின் நடு முனையில் 49 சென்டிமீட்டர் செம்பு அல்லது பித்தளைக் கம்பி ஒன்று, நான்கு மூலை ஓட்டைகளிலும் 51 சென்டிமீட்டர் கம்பி நான்கு, கீழ்நோக்கி 45 டிகிரி வளைத்து. பிவிசி குழாயின் உச்சியில் மாட்டினால் ஒரு மாலை நேர வேலை. கையடக்க ரேடியோவோடு வரும் ரப்பர் ஆண்டெனாவை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் திரும்ப அதைத் தொடமாட்டார்கள். ஜன்னலில் தொங்கவிட வேண்டுமென்றால் பழைய டிவி ஆண்டெனாவுக்கு வந்த 300 ஓம் தட்டைக் கம்பியில் ஜே-போல் செய்துகொள்ளலாம். சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்கும் எடுத்துப் போகலாம்.

கேபிளும் சோக்கும்

2 மீட்டர் பேண்டில் உயரமும் கொஞ்சம் பேசும், கேபிள் அதைவிட அதிகம் பேசும். 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 4 டெசிபல் தின்னும். 5 வாட் போட்டால் மேலே போவது 2 வாட். 2 மீட்டருக்கு ஆர்ஜி-213 அல்லது அதைவிட நல்லதைப் போடுங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் அதே 20 மீட்டர் ஆர்ஜி-58 ஐந்தில் ஒரு பங்குகூட எடுக்காது, தாராளமாகப் பயன்படுத்தலாம். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் டிஷ் டிவிக்குப் போடும் 75 ஓம் ஆர்ஜி-6 இருக்கிறது. இழப்பு குறைவு, எஸ்.டபிள்யூ.ஆர் ஒன்றரைக்குள் நிற்கும். பின்னல் அலுமினியம் என்பதால் சால்டர் பிடிக்காது, எஃப் கனெக்டர் போட்டு அடாப்டரில்தான் மாற்ற வேண்டும்.

டைபோலின் கீழே சோக் கட்டாயம். 4 அங்குல பிவிசி குழாயில் ஆறு மீட்டர் கேபிளை நெருக்கமாகச் சுற்றினால் பதினாறு சுற்று வரும். அதுவே ஒரு சோக். ஃபெரைட் வளையம் இருந்தால் பத்துப் பன்னிரண்டு சுற்று, இன்னும் கச்சிதம். நான் முதலில் சோம்பல்பட்டு இதை விட்டுவிட்டேன். மூன்றாவது நாள் எதிர் வீட்டுக்காரர் வந்து, "சார், எங்க இண்டர்காமில நீங்க பேசுறது கேக்குது" என்றார். சோக் போட்டதும் நின்றது. இவ்வளவுக்கும் நான் போட்டது 25 வாட்.

அசோசியேஷன்

கட்டிவிட்டு அனுமதி கேட்பதை விட, கேட்டுவிட்டுக் கட்டுவது சுலபம். "ஆண்டெனா" என்ற சொல்லைக் கேட்டதும் செக்ரட்டரியின் மனதில் செல்போன் டவர் வந்து நிற்கும். அதனால் கம்பியின் ஒரு துண்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். லைசென்ஸ் நகல் ஒன்றும் கொடுங்கள். கூடவே, யாருடைய டிவியிலோ ஸ்பீக்கரிலோ சத்தம் வந்தால் உடனே நிறுத்துவேன் என்று சொல்லி, அதன்படி நடந்தும் காட்டுங்கள். கறுப்பு நிற ஒயர் வானத்தில் தெரியும், சாம்பல் நிற ஒயர் தெரியாது. இது அனுபவத்தில் கண்டது.

ஒத்திசைப்பது

நானோவிஎன்ஏ என்ற கையளவுக் கருவி இப்போது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஷார்ட், ஓபன், லோடு மூன்றையும் போட்டு அளவுதிருத்தம் செய்த பிறகு, ஆண்டெனாவை மாட்டி 6 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட விடுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர் கோடு எங்கே பள்ளம் விழுகிறது என்று பாருங்கள். எனக்கு முதல்முறை 6.85-இல் விழுந்தது. கம்பி நீளம் என்று அர்த்தம். இப்போதைய நீளத்தை 6.85-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் புதிய நீளம். நான் கூடுதலாக விட்டிருந்த 20.8 மீட்டர் இப்படி 20.07 ஆனது, ஒவ்வொரு கையிலும் 36 சென்டிமீட்டர் குறைவு.

உடனே வெட்டாதீர்கள். முனையை மடக்கி, கம்பியின் மேலேயே இறுக்கமாக முறுக்கிவிட்டு மறுபடி அளங்கள். மழைக்காலத்தில் பள்ளம் கொஞ்சம் கீழே நகரும். அப்போது அவிழ்த்துச் சரிசெய்யக் கம்பி மிச்சமிருக்கும்.

ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம். எஸ்.டபிள்யூ.ஆர் 1.1 என்பதை வைத்து ஆண்டெனா நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. 50 ஓம் டம்மி லோடும் (சக்தியை வெறும் சூடாக்கிவிடும் மின்தடை) 1.0 காட்டும், ஒரு கிலோமீட்டர்கூடப் போகாது. தண்ணீர் புகுந்த கேபிளும் அழகான எண்ணைக் காட்டும். உண்மையான சோதனைக்கு 14.074-இலோ 7.074-இலோ எஃப்டி8-இல் (கம்ப்யூட்டர் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் முறை) சில முறை சிக்யூ, அதாவது பொது அழைப்பு, கொடுத்துவிட்டு, யார் யாரைக் கேட்டார்கள் என்று காட்டும் பிஎஸ்கே ரிப்போர்ட்டர் இணையதள வரைபடத்தில் உங்கள் கால் சைனை (லைசென்ஸில் கொடுத்த அழைப்புக் குறியை) தேடுங்கள். யார் யார், எத்தனை டெசிபலில் கேட்டார்கள் என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஏதாவது மாற்றம் செய்தால் அதே நேரம், அதே சக்தியில் இன்னொரு நாள் போட்டு ஒப்பிடுங்கள். ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அயனி மண்டலம் தினம் ஒரு முகம் காட்டும்.

மழை, இடி, காக்கை

கோஆக்ஸ் கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விடுங்கள், மழைநீர் அதில் சொட்டிவிடும். கனெக்டர் மேல் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் பிவிசி டேப். சாதாரண இன்சுலேஷன் டேப் மட்டும் போட்டால் முதல் வெயிலிலேயே பிசின் வழிந்து கழன்றுவிடும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது எல்லா இணைப்பையும் திறந்து பார்க்க வேண்டும். உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும்.

ஏப்ரல், மே மாதங்களின் மாலை இடியும், ஐப்பசி கார்த்திகை மழையும் வரும் முன்பே கேபிளைக் கழற்றிப் பழகுங்கள். ரேடியோவிலிருந்து கழற்றினால் மட்டும் போதாது, கேபிள் முனையை ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். இடிச்சத்தம் காதில் விழுந்த பிறகு அதைத் தொடவே கூடாது. நான் ரேடியோவை அணைத்தாலே கேபிளையும் கழற்றிவிடுகிறேன், அதனால் வானிலை பார்க்க வேண்டியதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் சவுக்குக் கம்பை இறக்கிப் படுக்க வைத்துவிடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது இறக்காமல் விட்டவர்களின் கம்பங்கள் எங்கெங்கோ கிடந்தன.

மிச்சம் இருப்பது காக்கை. கூடு கட்டும் பருவத்தில் காக்கைக்கு மெல்லிய கம்பி என்றால் உயிர். மடக்கி முறுக்கிவைத்த அந்த முனையைத்தான் முதலில் கொத்தி அவிழ்க்கும். பள்ளம் ஒருநாள் காரணமில்லாமல் இடம் மாறியிருந்தால், கேபிளையோ கனெக்டரையோ சந்தேகப்படுவதற்கு முன்னால் மேலே போய் அந்த முறுக்கைப் பாருங்கள். இப்போது நான் அதன்மேல் ஒரு துண்டு ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுவைத்திருக்கிறேன்.